இஸ்திரியின் வலது கை

எங்கள் அணு நிலையத்துக்குள் ஒரு பொருள் போவது சுலபம், வெளியே வருவதுதான் பாடு. சுத்தியல் போனால் சுத்தியல் திரும்பாது. பென்சில் போனால் பென்சில் திரும்பாது. ஒரு தடவை ஒரு ஈ போய்விட்டது. அதை அடித்து, எடை போட்டு, பையில் கட்டி, டிரம்மில் அடைத்து, படிவமும் நிரப்பினோம். படிவத்தில் ‘பணிப்பிரிவு’ என்று ஒரு கட்டம் இருந்தது. ‘ஒப்பந்தத் தொழிலாளர்’ என்று எழுதினேன். மேலே ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. ஒப்பந்தத் தொழிலாளர் உள்ளே போய் என்ன ஆனார் என்றே கேட்காதவர்கள் ஈயைப் பற்றியா கேட்கப்போகிறார்கள்?

நிலையம் மின்சாரம் எடுப்பதை நிறுத்திப் பல வருஷம் ஆகியிருந்தது. எங்களுக்கு இருந்தது அதைப் பிரித்துப் போடுகிற வேலை. கட்டினவர்களின் பெயர்களைக் கல்லில் வெட்டி வாசலில் வைத்திருந்தார்கள். பிரிக்கிறவர்களின் பெயர்களை வருகைப் பதிவேட்டில்கூடத் தப்பாகத்தான் எழுதினார்கள்.

என் வேலை மீட்டர் பிடிப்பது. கையில் தூக்குகிற மாதிரி ஒரு பெட்டி, அதிலிருந்து ஒரு வயர், வயரின் நுனியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தட்டை மூஞ்சி. அந்த மூஞ்சியைப் பொருளின் மேல் படாமல், ஆனால் ஒட்டினாற்போல, நத்தை வேகத்தில் நகர்த்த வேண்டும். சுத்தமான பொருள் என்றால் எப்போதாவது ஒரு ‘டக்’. அழுக்கு என்றால் தகரக் கூரையில் ஆலங்கட்டி விழுகிற சத்தம். எங்கள் தொழிலில் அழுக்கு என்றால் கண்ணுக்குத் தெரிகிற அழுக்கு இல்லை. கண்ணுக்குத் தெரிந்துவிட்டால் என் மாதிரி ஆளுக்குச் சோறு ஏது?

சுத்தம் என்றால் பச்சைச் சீட்டு, அழுக்கு என்றால் சிவப்புச் சீட்டு. பச்சைச் சீட்டில் என் கையெழுத்தும் மேலாளர் கையெழுத்தும் இருந்தால் பொருள் வாசலைத் தாண்டலாம், பழைய இரும்போடு இரும்பாகப் போகலாம். சிவப்பு என்றால் வெட்டி, டிரம்மில் அடைத்து, கான்கிரீட் ஊற்றி, முந்நூறு வருஷம் யாரும் தொடாத குழிக்குள் இறக்க வேண்டும். இன்னொன்று, மஞ்சள் நாடா. அழுக்கு கண்ட இடத்தைச் சுற்றி நாடா கட்டுகிற அதிகாரம் எனக்கு மட்டும்தான். கட்ட ஒரு கை போதும், அவிழ்க்க மூன்று கையெழுத்து வேண்டும். நாடாவுக்கு உள்ளே மாட்டிக்கொண்டவர் மந்திரியே ஆனாலும், நான் மீட்டர் பிடித்துப் ‘போங்க’ என்று சொல்லும் வரை அடுத்த அடி வைக்க முடியாது. உலகத்தில் எனக்கு இருந்த ஒரே அதிகாரம் அது. வீட்டில் அதுவும் கிடையாது.

எங்கள் மேலாளருக்கு நாங்கள் வைத்த பெயர் இஸ்திரி. சட்டையில் ஒரு சுருக்கம் பார்க்க முடியாது. தும்மினால்கூட உடம்பு மட்டும் தும்மும், சட்டை தும்மாது. நாற்காலியிலிருந்து அவர் எழுவதற்கு முன்பே கால்சட்டை மடிப்பு எழுந்து நிற்கும். அந்த மாதக் கடைசிக்குள் மூன்றாம் கூடத்தைக் காலியாக்கிக் காட்டுவதாகத் தலைமை அலுவலகத்துக்கு அவர் வாக்குக் கொடுத்திருந்தார். ‘மூன்றாம் கூடம் காலி’ என்று பலகைகூட எழுதி, துணி போட்டு மூடி வைத்திருந்தார். கூடம்தான் காலியாகவில்லை.

கூடத்தில் ஐந்து பம்புகள். ஒவ்வொன்றும் நிற்கிற எருமை அளவு. முப்பது வருஷம் உலையைச் சுற்றி வந்த தண்ணீரை வயிற்றுக்குள் வாங்கித் தள்ளியவை. தண்ணீரை வடித்துவிட்டோம். ஆனால் உள்சுவரில் கறுப்பாகப் பொருக்குப் பிடித்திருந்தது, அதை எந்தத் தண்ணீரும் வடிக்காது. வெளிப்பக்கத்து இரும்பு நாலு விரல் கனம். அதனால் வெளியே மூஞ்சியை வைத்தால் மீட்டர் நல்ல பிள்ளை மாதிரி அமைதியாக இருக்கும். இதற்காகவே விதிப் புத்தகத்தில் ஒரு வரி உண்டு: மீட்டரின் மூஞ்சி உள்ளே போகாத பொருளை அழுக்கென்றே கொள்ள வேண்டும். அதாவது ஐந்தையும் திறந்து, வெட்டி, டிரம்மில் போட வேண்டும். ஒரு பம்புக்கு ஒன்பது நாள்.

இந்தச் சமயத்தில் எனக்குப் பேத்தி பிறந்தாள். பத்து நாள் லீவு போட்டேன். மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்கவில்லை. அவர் இரும்பு உருக்குகிற ஆலையில் உலைக்கு முன்னால் நிற்கிறவர். பிள்ளை பிறந்தது என்பதற்காக உலை அணையாது. மகளுக்குப் பக்கத்தில் நானும் என் வீட்டுக்காரியும் இருந்தோம். அவர் தினமும் சாயங்காலம் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிவிட்டு வந்து, குழந்தையின் பாதத்தை மட்டும் ஒரு விரலால் தொட்டுவிட்டுப் போவார்.

லீவு முடிந்து வந்தால் கூடத்தில் ஒரே ஒரு பம்புதான் நின்றது. மற்ற நாலும் வெட்டுவதற்காகப் பின்கட்டடத்துக்குப் போய்விட்டன என்றார்கள். நம்பினேன். நம்பியதுதான் என் முதல் தப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது இரண்டாவது தப்பு.

மறுநாள் காலை பத்து மணி இருக்கும். டிரம் அக்கா என் தோளைத் தட்டினாள். டிரம்களை அடைத்து முத்திரை வைக்கிற வேலை அவளுடையது. என்னைவிடப் பதினைந்து வயது சின்னவள், ஆனாலும் எல்லாருக்கும் அக்கா, எனக்கும் அக்கா. முகக்கவசத்துக்குள்ளிருந்து மெதுவாகச் சொன்னாள்.

“அண்ணே, அஞ்சாவதுக்குப் பொட்டு வச்சிட்டாங்க. போய்ப் பாருங்க.”

போய்ப் பார்த்தேன். பம்புக்கு நீலப் பெயின்ட் அடித்திருந்தார்கள். நேற்று வரை துருவும் எண்ணெயுமாக இருந்த எருமை, இன்று பெண் பார்க்க வந்தவர்களுக்கு முன்னால் நிறுத்திய மாதிரி பளபளவென்று நின்றது. பெயின்ட் இன்னும் சரியாகக் காயவில்லை. வெளிக்கதவுக்குப் பக்கத்தில் லாரி பின்பக்கம் காட்டி நின்றது. லாரியின் பக்கவாட்டில் எழுதியிருந்த ஆலையின் பெயரைப் படித்தேன். என் மாப்பிள்ளை நிற்கிற உலை.

இஸ்திரி வந்து, பச்சைச் சீட்டுக்கு ஒரு கையெழுத்து வேண்டும், அரை நிமிஷ வேலை என்றார். விதிப் புத்தகத்தின் வரியைச் சொன்னேன். வெளியே எங்கே வேண்டுமானாலும் மீட்டர் வைத்துப் பாருங்கள், சத்தம் வருகிறதா என்றார். வராது என்று எனக்கே தெரியும் என்றேன். பிறகென்ன என்றார்.

“சார், வெளியில சுத்தமா இருக்கறதும் உள்ள சுத்தமா இருக்கறதும் ஒண்ணுன்னா, உலகத்துல பாதிப் பேரு உத்தமன்.”

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பிலும் சுருக்கம் இல்லை. அந்த ஆலையில் யார் வேலை பார்க்கிறார் என்று ஞாபகப்படுத்தினேன். லீவு கேட்கும்போதே விலாவாரியாகச் சொல்லியிருந்தேன். அவர், ஆலையில் இரும்போடு இரும்பாக உருகிப்போகும், உருகின பிறகு எங்கிருந்து அழுக்கு என்றார். இது படித்தவர் சொன்னது. அழுக்கு உருகினால் போய்விடாது, பரவும். அந்த இரும்பு நாளைக்குக் கட்டிலாகும், ஜன்னல் கம்பியாகும், என் பேத்தியின் தொட்டில் கொக்கியாகும். இதை மீட்டர் பிடிக்கிற முதல் வாரத்திலேயே சொல்லிக் கொடுக்கிறார்கள். மேலாளர்களுக்கு எந்த வாரத்தில் மறக்கச் சொல்லிக் கொடுக்கிறார்கள் என்று தெரியவில்லை.

எனக்குக் கோபம் வந்தால் குரல் ஏறாது, இறங்கும். அன்று நான் பேசியது எனக்கே கேட்கவில்லை. கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொன்னது அவருக்கு மட்டும் கேட்டது. உடனே அவர் ஒரு காரியம் செய்தார். முப்பது வருஷத்தில் அந்தக் கட்டடத்தில் யாரும் செய்யாத காரியம். வலது கையுறையைக் கழற்றினார். வெறுங்கையால் பம்பின் முதுகில், மூடியும் உடம்பும் சேருகிற விளிம்பில், கன்றுக்குட்டியைத் தட்டுவது போலப் பட் பட்டென்று தட்டினார்.

“இங்க பாருங்க பெரியவரே. தொட்டுட்டேன். கை என்ன கருகிப்போச்சா?”

கையில் நீலம் ஒட்டியது. கைக்குட்டையில் துடைத்துக்கொண்டே தன் கண்ணாடி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

மூடி விளிம்பில் ரப்பர் வளையம் பழசாகி எப்போதோ வெடித்திருக்க வேண்டும். உள்ளேயிருந்து ஒரு சொட்டுக் கசிந்து, பெயின்டோடு கலந்திருந்தது. அவர் தட்டிய இடத்தில் மீட்டரின் மூஞ்சியை வைத்தேன். ஆலங்கட்டி மழை கொட்டியது. மற்ற இடமெல்லாம் நல்ல பிள்ளை, அந்த நாலு விரல் இடம் மட்டும் நரகம். அவ்வளவு பெரிய பம்பில் தட்டுவதற்கு அந்த ஒரு இடத்தைத் தேடிப் பிடிக்க வேண்டுமென்றால் மனுஷனுக்குத் தனிப் படிப்பு வேண்டும்.

மஞ்சள் நாடாச் சுருளை எடுத்தேன். பம்பைச் சுற்றிக் கட்டினேன். பம்பிலிருந்து அவர் அறை வரை நடந்த பாதையைக் கட்டினேன். அறையைக் கட்டினேன். டிரம் அக்கா பைகளோடு பின்னால் வந்தாள். கதவைத் தட்டி, அசையாமல் இருங்கள் சார் என்றேன். அவர் அதற்குள் நிறைய அசைந்திருந்தார்.

கதவுக் கைப்பிடி, டக் டக். பையில் போட்டோம். நாற்காலியின் கை, டக் டக். வாசல் காவலுக்குப் போன் செய்திருந்தார், டெலிபோன் போயிற்று. டீ குடித்திருந்தார், கோப்பை போயிற்று. மூக்குக் கண்ணாடியைச் சரி செய்திருந்தார், கண்ணாடி போயிற்று. தலையை ஒரு தடவை நீவியிருந்தார், அங்கே கொஞ்சம் முடியைக் கத்தரித்தோம். டையை இறுக்கியிருந்தார், அதையும் அவிழ்த்தோம். முத்திரைக் கட்டை, மேஜை மணி, குடும்பப் புகைப்படம். மனைவி முகத்தின் மேல் மட்டும் விரல் பட்டிருந்தது, ஆனால் படத்தை வெட்டிப் பாதியைக் கொடுக்க விதியில் இடமில்லை. கதவையே கழற்றினோம். கதவு போன பிறகு அறை எண் எதற்கென்று அக்கா அதையும் பிடுங்கிப் போட்டாள். நான் கூட்டிச் சொல்கிறேன் என்று நினைப்பீர்கள். அறை எண்ணில் வேண்டுமானால் கொஞ்சம் கூட்டியிருப்பேன். நாற்காலியில் சத்தியமாகக் கூட்டவில்லை. அது இன்றைக்கும் கான்கிரீட்டுக்குள் இருக்கிறது. எங்கள் நிலையத்தில் நிரந்தர வேலை கிடைத்தது அந்த நாற்காலிக்குத்தான்.

அது வரை எனக்குக் கோபத்தோடு கொஞ்சம் சந்தோஷமும் இருந்தது. மறைப்பானேன்.

கடைசியாக மேஜை மேல் ஒரு பச்சைச் சீட்டு கிடந்தது. ஐந்தாவது பம்பின் எண், எடை, ஆலையின் பெயர், எல்லாம் இஸ்திரியின் கையால் எழுதியிருந்தது. மை காயவில்லை. மூஞ்சியை வைத்தேன், டக் டக். அழுக்கு. பம்பை வெளியே விடச் சொல்கிற சீட்டே வெளியே போக முடியாது. நன்றாக மாட்டினாயடா என்று குனிந்து பார்த்தேன். கீழே மேலாளர் கையெழுத்து. அதற்குப் பக்கத்தில் மீட்டர்காரர் கையெழுத்து.

என்னுடையது.

யாரும் அதைப் போலியாகப் போடவில்லை. வாலைச் சுருட்டி, அடியில் இரண்டு புள்ளி வைக்கிற பழக்கம் எனக்கு மட்டும்தான் உண்டு. நான்தான் போட்டேன். லீவில் போவதற்கு முந்தின நாள் போட்டேன்.

மீட்டர்காரர்கள் எல்லாரும் செய்வதுதான். லீவில் போகும்போது பச்சைச் சீட்டுப் புத்தகத்தில் பத்து ஏட்டில் வெறுங்கையெழுத்துப் போட்டு வைப்போம். ஏணி, மேஜை, பல்பு, துடைப்பம் என்று எப்போதும் சுத்தமாகவே இருக்கிற சாமான்கள் வெளியே போக வேண்டியிருக்கும். மாற்று ஆள் கிடையாது. நமக்காக வேலை நிற்கக் கூடாது என்பது எங்களுக்குள் ஒரு ரோஷம். எனக்கு முந்தியவர் போட்டார், அவருக்கு முந்தியவர் போட்டார். எங்களைப் போல விதியை மனப்பாடம் செய்தவனும் இல்லை, எங்களைப் போல வெற்றுத்தாளில் கையெழுத்துப் போட்டவனும் இல்லை. அந்தப் புத்தகமும் மேஜை மேலேயே கிடந்தது, அதுவும் டக் டக் என்று கத்தியது. புரட்டினேன். பேத்தி பிறந்த வாரத்துத் தேதியிட்டு, கிழித்த சீட்டுகளின் கார்பன் நகலோடு நாலு அடிக்கட்டைகள். பம்பு ஒன்று, பம்பு இரண்டு, பம்பு மூன்று, பம்பு நாலு. எல்லாவற்றிலும் அடியில் இரண்டு புள்ளி.

இஸ்திரியின் கையைக் கழுவ வேண்டியிருந்தது. அதற்கும் முறை உண்டு. சுடுதண்ணீர் கூடாது, வெதுவெதுப்பான தண்ணீர். மெல்லிய சோப்பு. குழந்தைக்குத் தலை வாருகிற மாதிரி மெத்தென்ற பிரஷ். தோல் கீறிவிட்டால் அழுக்கு உள்ளே போய்விடும். கழுவின தண்ணீரையும் பிடித்து டிரம்மில் ஊற்ற வேண்டும். கழுத்தை நெரிக்க வேண்டும் போல இருந்த அந்த ஆளின் கையை, பூவைத் தொடுவது போலத் தொட்டுக் கழுவினேன். என் ஆயுளில் நான் செய்ததிலேயே கடினமான வேலை அதுதான். ஒரு தடவை கழுவி, மீட்டர் பிடித்தேன். சத்தம் பாதியாகக் குறைந்தது.

“நாலும் எங்க போச்சு?” என்று கேட்டேன்.

“லாரி எங்க போகும்?”

“பின்கட்டடம்னு சொன்னாங்க.”

“நான்தான் அப்படிச் சொல்லச் சொன்னேன். நீங்க லீவுல இருந்து வந்ததும் டென்ஷன் ஆக வேணாமேன்னு.”

என் நன்மைக்காகச் செய்திருக்கிறார். இரண்டாவது தடவை கழுவினேன்.

“பெரியவரே, நிதானமா யோசிங்க,” என்றார். “அந்தப் புத்தகம் டக் டக்குன்னு கத்துதுன்னு நீங்கதானே சொன்னீங்க. அப்ப சட்டப்படி அது டிரம்முக்குத்தானே போகணும்? போகட்டும். கான்கிரீட் ஊத்தட்டும். முந்நூறு வருஷம் கழிச்சு எவன் படிக்கப்போறான்? இந்த அஞ்சாவது பம்பை உங்க இஷ்டப்படியே வெட்டிக்குங்க. நான் குறுக்கே நிக்கல. எழுதினீங்கன்னா முதல் பேரு உங்களோடதுதான் வரும்.”

அவர் சொன்னதில் ஒரு வரிகூடத் தப்பில்லை. விதி அப்படியே என் பக்கம் சாய்ந்து நின்று, வா வா, இந்தப் பக்கம் குழி இருக்கிறது, உன்னையும் மூடிவிடலாம் என்று கூப்பிட்டது. புத்தகம் அழுக்கு. அழுக்கு டிரம்முக்கு. டிரம்மின் மூடி திறந்துதான் இருந்தது. புத்தகத்தை உள்ளே தெரிகிற பையில் விரித்தபடியே போட்டுப் பிடித்துக்கொண்டு அக்கா டிரம்முக்குப் பக்கத்தில் நின்றாள். தண்ணீர் ஆறிப்போனது.

“அண்ணே, சீக்கிரம் சொல்லுங்க,” என்றாள் அக்கா. “எனக்குக் கை வலிக்குது.”

அவள் முகம் கவசத்துக்குள் இருந்தது. கண் மட்டும் தெரிந்தது. அந்தக் கண்ணுக்கு எல்லாம் புரிந்திருந்தது, கையெழுத்து யாருடையது என்பது உட்பட.

“பையைத் தூக்கிப் பிடி அக்கா,” என்றேன். “நம்பர் எனக்குத் தெரியற மாதிரி.”

நாடாவுக்கு வெளியே நின்ற ஒரு தொழிலாளியிடம் சுத்தமான தாள் வாங்கி எழுதினேன். நாலு சீட்டின் எண், தேதி, பம்பின் எண். ‘இவற்றில் முன்கூட்டியே வெறுங்கையெழுத்து இட்டவன் நான்’ என்று என் பெயர். ‘நிரப்பி அனுப்பியவர்’ என்று போட்டுக் கொஞ்சம் இடம். இஸ்திரி எட்டிப் பார்த்து, முதல் பெயர் உங்களுடையது என்று சொன்னேனே என்றார்.

“தெரியும் சார். ரெண்டாவது பேருக்கு இடம் விட்டிருக்கேன்.”

அவர் கையெழுத்துப் போட மறுத்தார். சரி, உட்காருங்கள் என்றேன், நாற்காலி போய்விட்டதால் நின்றுகொண்டே இருந்தார். மறுபடி கழுவினேன். மீட்டரில் காதுக்குழாய் ஒன்று உண்டு, மாட்டிக்கொண்டால் சத்தம் நமக்கு மட்டும்தான் கேட்கும். மாட்டிக்கொண்டேன். மூன்றாவது கழுவல் முடிந்து பார்த்தேன், இன்னும் இருக்கிறது சார் என்றேன். நாலாவது, இன்னும் இருக்கிறது. ஐந்தாவது, ஆறாவது. நாடாவைத் தாண்ட அவருக்கு நான் ‘போங்க’ சொல்ல வேண்டும். சாப்பாட்டு நேரம் தாண்டியது. சட்டையில் முதல் சுருக்கம் விழுந்ததை நானும் அக்காவும் கண்ணால் பார்த்தோம். எந்தக் கழுவலில் கை உண்மையிலேயே சுத்தமானது என்று பின்னால் நடந்த விசாரணையில் என்னைக் கேட்டார்கள். எனக்கு அந்தக் காது கொஞ்சம் மந்தம் என்று சொன்னேன். எட்டாவது கழுவலில், வலது கை தண்ணீருக்குள் இருந்ததால், இடது கையால் கையெழுத்துப் போட்டார். கோழி கிளறியது போல இருந்தது. போதும்.

‘போங்க’ என்றேன்.

அணு நிலையங்களைக் கண்காணிக்கிற அரசு அலுவலகத்துக்குப் போன் செய்தேன். எடுத்தவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, வியாழக்கிழமை ஆள் வரும் என்றார். அன்று செவ்வாய்க்கிழமை. ஆலையில் உலை வியாழன் வரை சும்மா இருக்குமா என்று கேட்டேன். அதை எழுத்தில் கேட்கச் சொன்னார்.

மீட்டரைத் துணிப்பையில் போட்டேன், மீதி நாடாச் சுருளையும் போட்டேன். மீட்டரை வெளியே எடுத்துப் போகக் கூடாது. அதற்கும் ஒரு பச்சைச் சீட்டு வேண்டும். என் கையெழுத்துக்கு அன்று ஒரு மரியாதையும் மிச்சமில்லை என்பதால் சீட்டில்லாமலே கிளம்பினேன்.

ஆலை வாசலில், மாப்பிள்ளைக்குச் சாப்பாடு என்று பையைக் காட்டினேன். என்னைப் பார்த்தால் பொய் சொல்கிறவன் மாதிரி இருக்காது. பழைய இரும்புக் குவியல் கட்டடத்தின் பின்பக்கம். தூரத்திலேயே நீலம் தெரிந்தது. இரண்டு பம்புகள் முழுசாகச் சாய்ந்து கிடந்தன. மூன்றாவதைக் காணோம், நாலாவதைக் காணோம். அவை கிடந்திருக்க வேண்டிய இடத்தில் காஸ் கட்டர் வைத்து வெட்டின கறுப்புத் துணுக்குகளும் தூளும் சிந்திக் கிடந்தன. அதற்கு மேல் கால்தடங்கள். மீட்டரை எடுத்தேன். காதுக்குழாயை மாட்டவில்லை. சத்தம் அந்த முற்றம் முழுக்கக் கேட்டது.

நாடாவைக் கட்டிக்கொண்டிருக்கும்போது மாப்பிள்ளை வந்தார். யாரோ ஒரு கிழவர் முற்றத்தில் மஞ்சள் நாடா கட்டுகிறார், உங்கள் மாமனார் ஜாடை என்று போய்ச் சொல்லியிருக்கிறார்கள். முகமெல்லாம் கரி. மரியாதையானவர், என் முன்னால் உட்காரக்கூட மாட்டார்.

“என்ன மாமா இது?”

சொன்னேன். பம்பு என்ன, உள்ளே என்ன, எப்படி வந்தது. யார் நிரப்பினார் என்று சொன்னேன், ஏணிக்கும் பல்புக்கும் என்று வெறுங்கையெழுத்துப் போட்டு வைத்தது யார் என்றும் சொன்னேன். எனக்கு இந்த வாயால் எத்தனையோ கதை சொல்ல வந்திருக்கிறது. அன்றைக்கு வந்தது நாலு வாக்கியம். கன்னத்துக் கரிக்கு அடியில் தசை மட்டும் ஒரு தடவை இழுத்தது.

“போன வெள்ளிக்கிழமை ரெண்டை வெட்டினோம்,” என்றார் பிறகு. “நான்தான் கட்டர் பிடிச்சேன். அன்னிக்கு சாயங்காலமும் வந்து குழந்தையைத் தொட்டேன்.”

“கை கழுவிட்டுத்தானே மாப்பிள்ளை தொட்டீங்க?”

“கழுவிட்டுத்தான்.” நான் கட்டிய நாடாவைப் பார்த்துக்கொண்டே, “உங்களுக்கு நாங்க எல்லாம் ஏணியும் பல்பும்தானே, மாமா? எப்பவும் சுத்தமாவே இருக்கற சாமான்,” என்றார்.

குரலை உயர்த்தவில்லை. அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். அவர் அடிக்கவில்லை, மாமா என்று கூப்பிடுவதையும் நிறுத்தவில்லை. அந்த மரியாதையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

இஸ்திரிக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். எனக்கு வேலை போயிற்று. அவருக்கு ஆறு மாதம் கழித்துத் தலைமை அலுவலகத்தில் பாதுகாப்புப் பிரிவு கிடைத்தது. நான் சொன்னதில் இதை மட்டும் பொய் என்று நினைத்துக்கொள்ள எனக்கும் ஆசைதான்.

அன்றைக்கு முற்றத்தில் மாப்பிள்ளையை நிற்க வைத்தேன். தலையில் ஆரம்பித்தேன். மூஞ்சியை அவர் நெற்றிக்கு ஒட்டினாற்போல, நத்தை வேகத்தில் நகர்த்தினேன். எப்போதாவது ஒரு டக். கழுத்து, தோள், கை. உள்ளங்கைகளை விரித்துக் காட்டினார். ஒவ்வொரு விரலாகப் பார்த்தேன். குழந்தையைத் தொடுகிற அந்த விரலை இரண்டு தடவை பார்த்தேன். சுத்தம். நெஞ்சு, முழங்கால். பூட்ஸ் பக்கம் இறங்கியதும் மழை பிடித்தது. பூட்ஸைக் கழற்றச் சொன்னேன். கழற்றினார். காலுறையிலும் லேசாக இருந்தது, அதையும் கழற்றினார். பாதத்தில் இல்லை. மண்டியிட்டு மறுபடி பார்த்தேன், இல்லை. உள்ளுக்குள் எவ்வளவு போயிருக்கிறது என்பதை என் மீட்டர் சொல்லாது, அதற்குப் பெரிய மெஷின் வேண்டும், பெரிய ஆஸ்பத்திரி வேண்டும், அங்கே உங்களை நான்தான் கூட்டிப் போவேன் என்றேன். தலையை மட்டும் அசைத்தார்.

பூட்ஸைப் பையில் கட்டிக்கொண்டிருந்தேன். அவர் வெறுங்காலோடு ஒரு சுத்தமான பலகை மேல் நின்று, கட்டடத்தின் பக்கம் பார்த்தார்.

“எங்க ஷிஃப்ட்ல இன்னும் பதினோரு பேரு இருக்காங்க. அன்னிக்கு எல்லாருமா சேர்ந்துதான் அள்ளிப் போட்டோம். வரிசையா வரச் சொல்லட்டுமா?”

“சொல்லுங்க மாப்பிள்ளை,” என்றேன்.

அவர் வாயில் கையைக் குவித்துக் கூப்பிட்டார். முதல் ஆள் என்ன ஏதென்று சிரித்துக்கொண்டே வந்தார். பூட்ஸ் கயிற்றை அவிழ்க்கச் சொன்னேன்.